பேட்டரி மோட்டார் மாற்றுவதற்கு முன்: சின்னப் படகுக்காரர்களின் கேள்விகள்

திருவொற்றியூரில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். மிக்சி, கிரைண்டர், தண்ணீர் பம்பு இவற்றுக்கு நடுவே உப்புப் பூத்த ட்ரோலிங் மோட்டார்களும் வந்து சேரும். எண்ணூர் முகத்துவாரத்திலும் பக்கிங்காம் கால்வாயிலும் பழவேற்காடு ஏரியிலும் 12 முதல் 16 அடி ஃபைபர் படகில் தூண்டில் போடுகிறவர்கள், நண்டு வலை வைக்கிறவர்கள்தான் பெரும்பாலும் கொண்டு வருவார்கள். ரிப்பேர் ஆகாது என்று சொன்னதும் அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அப்போ எது வாங்கலாம்?" திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

ட்ரோலிங் மோட்டார்னா இழுவலை போடுற மோட்டாரா அண்ணே?

இல்லை. காசிமேட்டுக்காரர் காதில் அந்தப் பெயர் விழுந்தால் டிராலர் ஞாபகம்தான் வரும். டிராலர் என்பது மடி வலையை இழுக்கும் விசைப்படகு. ட்ரோலிங் என்பது தூண்டிலைத் தண்ணீரில் விட்டுப் படகை மெதுவாக நகர்த்துவது. சத்தமில்லாமல் அப்படி நகர்த்துவதற்கென்று வந்த சின்ன பேட்டரி மோட்டார் இது. 1934இல் அமெரிக்காவில் ஃபார்கோ என்ற ஊரில் தொடங்கிய மின் கோட்டா கம்பெனிதான் இதைப் பிரபலமாக்கியது. அங்கே அது நல்ல தண்ணீர் ஏரிகளுக்காகப் பிறந்த சரக்கு. நம் ஊர் கழிமுகத்துக்கு வரும்போது பாதிப் பிரச்சினை அங்கிருந்துதான் தொடங்குகிறது. கடையில் இதைப் பேட்டரி மோட்டார் என்றே சொல்வோம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

பழசு நின்னுபோச்சு. புதுசுல எது நல்லது?

பழசு ஏன் நின்றது என்று சொல்லுங்கள், பிறகு பேசலாம். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. காரணம் தெரியாமல் புதிதாக வாங்கினால் அதே வயர், அதே பேட்டரி, விசிறியில் சுற்றும் அதே நைலான் நூல் புதியதையும் முடித்துவிடும். ஒரே படகுக்கு இரண்டு வருடத்தில் மூன்று மோட்டார் வாங்கியவரை எனக்குத் தெரியும். மூன்றிலும் ஒரே கோளாறு. கோளாறு மோட்டாரில் இல்லவே இல்லை, பேட்டரியிலிருந்து வரும் வயரின் நடுவில் கறுப்பு டேப் சுற்றிய ஒரு முறுக்கு ஜாயிண்டில் இருந்தது.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய சோதனைகள் உண்டு. ஒரு மல்டிமீட்டர் போதும், ரிச்சி தெருவில் சாதாரண மீட்டர் மலிவாகவே கிடைக்கும். மோட்டாரைத் தண்ணீர் நிரம்பிய டிரம்மில் இறக்கி முழு வேகத்தில் விடுங்கள். முதலில் பேட்டரி முனையில் வோல்ட் பாருங்கள். ஓய்வில் 12.6 காட்டிய பேட்டரி, மோட்டார் ஓடும்போது 11க்குக் கீழே விழுந்தால் குற்றவாளி பேட்டரி. பேட்டரி முனையில் 12.2 நிற்கிறது, ஆனால் மோட்டார் தலைக்குள் (மேலே கைப்பிடி இருக்கும் பகுதி) வயர் சேரும் இடத்தில் 10.5தான் காட்டுகிறது என்றால் இடையில் எங்கோ வயரோ ஜாயிண்டோ தின்கிறது. இரண்டும் சரியாக இருந்தும் சுற்றவில்லை என்றால்தான் மோட்டார் மேல் கை வைக்க வேண்டும்.

ஐந்து ஸ்பீடு மோட்டாரில் ஐந்தாவது மட்டும் ஓடி மற்ற நான்கும் ஓடவில்லையா? மோட்டார் நன்றாக இருக்கிறது, வேகத்தைக் குறைக்கும் ஸ்பீடு காயில்தான் போயிருக்கிறது. விட்டு விட்டு ஓடுகிறது, தட்டினால் ஓடுகிறது என்றால், சுற்றும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். திருகு ஸ்பீடு உள்ள (கைப்பிடியைத் திருகி வேகம் மாற்றும்) மோட்டார் எப்படித் திருப்பினாலும் முழு வேகத்திலேயே ஓடினால் தலைக்குள் இருக்கும் போர்டில், கரண்டை விட்டு நிறுத்தும் மாஸ்ஃபெட் என்ற எலெக்ட்ரானிக் ஸ்விட்ச் ஷார்ட். கையால் விசிறியைச் சுற்றும்போது கரகரவென்று மணல் அரைப்பது போல இருந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம்.

தண்ணி உள்ள போனா ரிப்பேர் பண்ண முடியாதா?

எப்போது போனது என்பதைப் பொறுத்தது. போன வாரம் போயிருந்தால் திறந்து, கழுவி, சூட்டில் காயவைத்து, ஆயில் சீலும் (தண்டைச் சுற்றித் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையம்) பேரிங்கும் மாற்றி ஓட வைத்துவிடலாம். மூன்று மாதம் கொட்டகையில் கிடந்து வந்தால் உள்ளே காந்தங்களின் மேல் துரு உப்பி, நடுவில் சுற்றும் ஆர்மேச்சரைப் பிடித்துக்கொண்டிருக்கும். காந்தம் ஓட்டிலிருந்து பெயர்ந்து வந்துவிட்டால் நான் கைவிட்டுவிடுவேன். ஒட்டிக் கொடுக்கலாம்தான், ஆனால் நடுத்தண்ணீரில் அது மறுபடி பெயர்ந்தால் என் பெயரும் சேர்ந்து போகும்.

ஆர்மேச்சர் வைண்டிங், சீல், பேரிங், பிரஷ் எல்லாம் சேர்த்துப் புது மோட்டார் விலையில் பாதியைத் தாண்டினால் ரிப்பேர் செய்யாதீர்கள். என் பிழைப்புக்கு எதிராக நானே சொல்கிறேன். பிரஷ், சீல், ஸ்பீடு காயில், ஸ்விட்ச் இவற்றில் ஒன்றுதான் என்றால் கண்டிப்பாக ரிப்பேர்தான்.

என் படகுக்கு எத்தனை பவுண்டு மோட்டார் வேணும்?

மோட்டாரின் தள்ளும் விசையைப் பவுண்டில் சொல்கிறார்கள். 1 பவுண்டு சுமார் 450 கிராம். 55 பவுண்டு மோட்டார் என்றால் 25 கிலோ விசையோடு தள்ளும்.

அமெரிக்கக் கணக்கு ஒன்று உண்டு: சுமையோடு சேர்ந்த படகின் எடை 100 பவுண்டுக்கு 2 பவுண்டு விசை. கிலோவில் சொன்னால் மொத்த எடையை 23ஆல் வகுத்தால் போதும். 14 அடி ஃபைபர் படகு ஒரு 140 கிலோ, ஆள் இரண்டு பேர் 140, பேட்டரி 30, ஐஸ் பெட்டி, நங்கூரம், வலை, தண்ணீர் கேன் எல்லாம் ஒரு 40. மொத்தம் 350 கிலோ. 23ஆல் வகுத்தால் 15 பவுண்டு.

இந்தக் கணக்கை நம்பி 30 பவுண்டு மோட்டார் வாங்கி, இரண்டு மடங்கு இருக்கிறது என்று சந்தோஷப்படுவார்கள். அது காற்றில்லாத, ஓட்டமில்லாத ஏரிக்குப் போட்ட கணக்கு. இங்கே மதியத்துக்கு மேல் கடற்காற்று எழும். அமாவாசை, பவுர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சென்னைக் கடலில் ஏறக்குறைய ஒரு மீட்டர் வித்தியாசம் வரும். அத்தனை தண்ணீரும் அந்தக் குறுகிய முகத்துவாரம் வழியாகத்தான் உள்ளே வந்து வெளியே போக வேண்டும். வற்றம் இழுக்கும் நேரத்தில் பாலத்துக்கடியில் 30 பவுண்டு மோட்டாரை முழு வேகத்தில் விட்டுப் பாருங்கள். தூண் நகராது, நீங்களும் நகர மாட்டீர்கள்.

அதனால் 12 அடிக்கு மேற்பட்ட எந்தப் படகுக்கும் இந்தப் பக்கம் 45க்குக் குறைந்து நான் சொல்வதில்லை. 14 அடி, இரண்டு ஆள் என்றால் 55. அதற்கு மேல் போனால் 24 வோல்ட், இரண்டு பேட்டரி, இரட்டைச் செலவு. 16 அடியில் மூன்று பேர் வலையோடு போகிறவர்களுக்கு மட்டும் அது நியாயம்.

அது எத்தனை ஹெச்பி வரும்?

55 பவுண்டு மோட்டார் முழு வேகத்தில் 12 வோல்ட்டில் சுமார் 50 ஆம்பியர் இழுக்கும். 600 வாட். ஒரு ஹெச்பி என்பது 746 வாட், ஆக ஒரு ஹெச்பிகூட இல்லை. 9.9 ஹெச்பி அவுட்போர்டைக் கழற்றி வைத்துவிட்டு இதை மாட்டலாமா என்று கேட்கிறவர்களுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. சின்னப் படகில் மணிக்கு 6, 7 கிலோமீட்டர் போகும், நடையும் ஓட்டமுமாகப் போகிறவனின் வேகம். 55ஐ எடுத்துவிட்டு 80 மாட்டினாலும் வேகம் கொஞ்சம்தான் கூடும். கூடுவது காற்றையும் ஓட்டத்தையும் எதிர்த்து நிற்கும் பலம்.

ஆன்லைன்ல 12 வோல்ட்டுலயே 80 பவுண்டுன்னு போட்டிருக்கான், விலையும் கம்மி. நம்பலாமா?

ஒரு சுலபமான கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் மோட்டாரில் எத்தனை பவுண்டோ ஏறக்குறைய அத்தனை ஆம்பியர் இழுக்க வேண்டும். 30 பவுண்டு என்றால் 30 ஆம்பியர், 55க்கு 50. 80 பவுண்டு என்று எழுதிவிட்டு 40 ஆம்பியர் என்று போட்டிருந்தால் இரண்டில் ஒன்று பொய். பிரஷ் இல்லாத புது ரக மோட்டார்கள் கொஞ்சம் சிக்கனம்தான், ஆனால் பாதிக்குப் பாதி சிக்கனம் கிடையாது.

வாங்கியதைச் சோதிக்க இன்னும் நல்ல வழி நம்மிடமே இருக்கிறது. மீன் எடை போடும் தொங்கு தராசை எடுத்துக்கொள்ளுங்கள், 50 கிலோ தாங்கும் டிஜிட்டல் தராசு ஏலக்கூடத்தில் யார் கையிலும் இருக்கும். ஒரு முனையைக் கரையில் உள்ள கம்பத்தில் கட்டி, மறுமுனையில் படகைக் கட்டி, ஓட்டமில்லாத இடத்தில் முழு வேகத்தில் இழுக்க விடுங்கள். 55 பவுண்டு மோட்டார் 25 கிலோவுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். 15 காட்டினால் பெட்டியோடு திருப்பி அனுப்புங்கள். திருப்பி எடுக்கும் தேதி முடிவதற்குள் இதைச் செய்வது உத்தமம்.

உப்புத்தண்ணி மாடல்னு தனியா விக்கிறாங்க. விலை ஜாஸ்தி. அவசியமா?

கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடம் எண்ணூர். கோடையில் கழிமுகத்துத் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள், கடலுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் அவசியம் என்றே சொல்வேன்.

உப்புத்தண்ணீர் மாடலில் என்ன வித்தியாசம்? கீழே இருக்கும் மோட்டார் உருளையின் அலுமினிய ஓட்டுக்குக் கூடுதல் பூச்சு. போல்ட், ஆணி எல்லாம் நல்ல துருப்பிடிக்காத எஃகு. எலெக்ட்ரானிக் பகுதிகள் பசைக்குள் புதைக்கப்பட்டிருக்கும். இவற்றோடு பலிக்கடா ஒன்று, விசிறிக்குப் பக்கத்தில் துத்தநாகத் துண்டு. உப்புத்தண்ணீரில் இரண்டு வெவ்வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் அங்கே ஒரு சின்ன பேட்டரி உண்டாகும், பலவீனமான உலோகம் கரையும். துத்தநாகம் அலுமினியத்தைவிடச் சீக்கிரம் கரையும், அதனால் அது கரைந்துகொண்டிருக்கும்வரை அலுமினியம் பிழைக்கும். பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். விலை சொற்பம்.

அந்தத் துண்டின் மேல் பெயிண்ட் அடிக்காதீர்கள். அழகாக இருக்கட்டும் என்று மோட்டார் முழுக்க நீலப் பெயிண்ட் அடித்து வந்த ஒருவருடையது ஆறு மாதத்தில் சல்லடை ஆகிவிட்டது. துத்தநாகம் தண்ணீரைத் தொட்டால்தான் வேலை செய்யும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகம் முழுக்கப் படர்ந்ததே, அப்போதும் இதே கதைதான். படகையும் வலையையும் துடைத்தவர்கள் அந்தத் துண்டின் மேல் இருந்த எண்ணெயைத் துடைக்க மறந்தார்கள்.

காசு இல்லை, நல்ல தண்ணீர் மாடல்தான் வாங்க முடியும் என்றால் அதையும் ஓட்டலாம், ஆனால் சோம்பல் கூடாது. ஒவ்வொரு தடவையும் கரை வந்ததும் மோட்டாரைத் தண்ணீரிலிருந்து தூக்கி, ஒரு குடம் நல்ல தண்ணீர் ஊற்றி, துடைத்து, வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். கட்டிய படகில் ராத்திரி முழுக்க நனைய விடவே கூடாது. வயர் முனைகளில் வாசலின் தடவுங்கள். துத்தநாகத் துண்டு தனியாகவும் கிடைக்கிறது, அதன் துளை உங்கள் மோட்டாரின் தண்டுக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

உப்போடு இன்னொன்றும் இருக்கிறது. அனல்மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தில் படிந்து பல இடங்களில் ஆழம் குறைந்துவிட்டது. முழங்கால் தண்ணீரில் விசிறியை ஓட்டினால் அந்தச் சாம்பல் சேறு கலங்கி மேலே வரும். உப்புத்தாள் போல ஆயில் சீலைத் தேய்க்கும். ஆழம் குறைந்த இடத்தில் மோட்டாரைத் தூக்கிவிட்டுக் கழி ஊன்றிப் போங்கள். நம் தாத்தாக்கள் அப்படித்தான் போனார்கள், அவர்களுக்கு சீல் மாற்றும் செலவு இருந்ததில்லை.

அஞ்சு ஸ்பீடா, இல்ல திருகுற மாதிரி ஸ்பீடா?

காசு இருந்தால் திருகு ஸ்பீடு. ஐந்து ஸ்பீடு மோட்டாரில் வேகத்தைக் குறைக்க ஒரு காயில் வழியாகக் கரண்டை அனுப்பி, மீதியைச் சூடாக வீணாக்குகிறார்கள். பழைய சீலிங் ஃபேன் ரெகுலேட்டர் சூடாகுமே, அதே வேலை. திருகு ஸ்பீடில் கரண்டை வெகு வேகமாக விட்டுவிட்டு அனுப்புகிறார்கள், வீணாவது குறைவு. மெதுவாக ஓட்டும்போது பேட்டரி பல மடங்கு நேரம் தாங்கும். முழு வேகத்தில் மட்டும் இரண்டும் ஒன்றே.

ஆனால் திருகு மோட்டாரில் பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்தால் போர்டு அந்த நொடியே புகையும். ஐந்து ஸ்பீடில் மாற்றிக் கொடுத்தால் படகு பின்னால் போகும், அவ்வளவுதான். விடிகாலை இருட்டில் கையால் தடவி வயர் மாட்டுகிற பழக்கம் இருந்தால் பிளஸ் வயருக்குச் சிவப்பு டேப் மட்டும் போதாது. தலைகீழாகச் சொருக முடியாத பிளக் போட்டுவிடுங்கள்.

ஷாஃப்ட் நீளம் எப்படி அளக்குறது?

மேலே உள்ள தலையையும் கீழே உள்ள மோட்டார் உருளையையும் இணைக்கும் குழாய்தான் ஷாஃப்ட். ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிய பிறகு அளக்க வேண்டும், காலிப் படகில் அளந்தால் தப்பாகிவிடும். படகின் பின்பலகையில் மோட்டார் கவ்வும் இடத்திலிருந்து தண்ணீர் மட்டம்வரை எத்தனை இன்ச் என்று பாருங்கள். அதோடு 20 சேர்த்துக்கொள்ளுங்கள். 10 இன்ச் இருந்தால் 30 இன்ச் ஷாஃப்ட், 16 என்றால் 36. விசிறி தண்ணீருக்குள் ஒரு அடியாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் காற்றை இழுத்துக்கொண்டு வெறுமனே கடகடக்கும். நீளம் கூடினால் பாதகமில்லை, மேலே தூக்கி இறுக்கிக்கொள்ளலாம். குறைந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

பேட்டரி பழசே இருக்கு. புது மோட்டாருக்கு அதையே போடலாமா?

எந்தப் பேட்டரி?

கார் பேட்டரி என்றால் வேண்டாம். அது ஐந்து நொடி நிறைய கரண்ட் கொடுத்து என்ஜினை எழுப்புவதற்காக மெல்லிய தகடுகளால் செய்தது. அடிவரை இறக்கி ஏற்றினால் சில மாதத்தில் செத்துவிடும். வீட்டு இன்வெர்ட்டர் டியூபுலர் பேட்டரி அடிவரை இறங்குவதற்கென்றே செய்தது, ஆனால் 150 ஏஎச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி 55, 60 கிலோ இருக்கும். ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு போவது போல. உயரமாகவும் இருப்பதால் அலையில் ஆடி ஆசிட் சிந்தும். என் தேர்வு ஈ-ரிக்ஷா பேட்டரி. குலுக்கலுக்கும் ஆழமாக இறங்குவதற்கும் பழகியது, 100 ஏஎச் பக்கத்தில் 30 கிலோ, எங்கும் கிடைக்கும், பழசைக் கொடுத்து மாற்றிக்கொள்ளவும் முடியும்.

எவ்வளவு நேரம் ஓடும் என்ற கணக்கில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். 100 ஏஎச் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 20 மணி நேரக் கணக்கு: 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம். நீங்கள் 50 ஆம்பியர் இழுத்தால் அதே பேட்டரி 100 தராது, அதைவிட ரொம்பக் குறைவாகத் தரும். அதிலும் லெட் ஆசிட் பேட்டரி நாள்பட உழைக்க வேண்டுமானால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. ஆக 55 பவுண்டு மோட்டாரை முழு வேகத்தில் விட்டால் முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே மோட்டாரைத் திருகு ஸ்பீடில் 12 ஆம்பியருக்குக் குறைத்தால் நான்கு மணி நேரம் போகும். படகின் வேகம் பாதியானால் அதைத் தள்ளத் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய எட்டில் ஒன்றாகக் குறையும், காரணம் அதுதான். அவசரக்காரனுக்கு இந்த மோட்டார் சரிப்படாது.

லித்தியம் போட்டா?

எடையைப் பார்த்தால் ஆசை வரும். 100 ஏஎச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி 12 கிலோ பக்கத்தில்தான் இருக்கும், அதில் 80, 90 சதவீதம்வரை தாராளமாக இறக்கலாம். முழு வேகத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும், வோல்டேஜும் கடைசிவரை சாயாது. தினமும் போகிறவருக்குப் போட்ட பணம் திரும்பிவிடும். மாதம் இரண்டு ஞாயிறு தூண்டில் போடுகிறவருக்கு வீண் செலவு.

வாங்கும்போது ஏஎச் மட்டும் கேட்காதீர்கள், உள்ளே இருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் எலெக்ட்ரானிக் போர்டு) எத்தனை ஆம்பியர் என்று கேளுங்கள். 50 ஆம்பியர் பிஎம்எஸ் உள்ள பேட்டரியில் 50 ஆம்பியர் மோட்டாரை மாட்டினால், விசிறியில் ஒரு பிளாஸ்டிக் பை சிக்கியதும் கரண்ட் ஏறி, பேட்டரி தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். வற்றத்துக்கு நடுவில் அப்படி அணைந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். 100 ஆம்பியர் பிஎம்எஸ் கேட்டு வாங்குங்கள். சார்ஜரும் லித்தியத்துக்கானதாக இருக்கட்டும், பழைய இன்வெர்ட்டரில் மாட்டி ஏற்ற வேண்டாம்.

வயர், ஃப்யூஸ்?

இங்கேதான் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். ஆயிரக்கணக்கில் மோட்டார் வாங்கிவிட்டு, வீட்டு பிளக் பாயிண்டுக்குப் போடும் 4 சதுர மில்லிமீட்டர் வயரில் இணைப்பார்கள். பேட்டரியைப் படகின் நடுவில் வைத்தால் போக வர ஆறு மீட்டர் வயர். 50 ஆம்பியரில் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் சுமார் 1.4 வோல்ட்டைத் தின்றுவிடும். 12இல் 1.4. அதுவும் சூடாகத்தான் போகும், வயர் பாம்பு போலக் கொதித்து நெளியும். 16 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.35 வோல்ட் மட்டுமே இழப்பு. மண்ணடி, பாரிமுனைக் கடைகளில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம், வாங்காதீர்கள்.

பேட்டரிக்கு ஒரு சாணுக்குள் 60 ஆம்பியர் டிசி பிரேக்கர் ஒன்று வேண்டும். வீட்டு எம்சிபி போதாதா என்றால், போதாது. வீட்டுக் கரண்ட் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடுவதால் அதில் எழும் பொறி தானாக அணையும். பேட்டரிக் கரண்ட் அப்படித் தொடுவதில்லை, பொறி நின்று எரியும். ஜாயிண்ட் எதுவும் முறுக்கி டேப் சுற்றியதாக இருக்கக் கூடாது. வயர் முனைக்கு லக் (உலோக முனைத்துண்டு) போட்டு அழுத்தி, மேலே பசையுள்ள சூட்டுக்குழாய் ஏற்ற வேண்டும்.

விசிறியில நூல் சுத்திக்குது. அதுக்கு இன்னா பண்றது?

கடைக்கு வரும் மோட்டார்களில் எதிரி நம்பர் ஒன் இதுதான், உப்புகூட இரண்டாமிடம். அறுந்த வலையின் நைலான் இழை விசிறிக்கும் உருளைக்கும் நடுவில் சுற்றி, உருகி, ஆயில் சீலின் உதட்டை அறுத்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் போகும்.

ஐந்து தடவை போய் வந்தால் ஒரு தடவை விசிறியைக் கழற்றுங்கள். ஒரு நட்டு, ஒரு பின், அவ்வளவுதான் வேலை. உள்ளே சுற்றியிருக்கும் இழையைக் கத்தியால் வெட்டாமல் விரலால் பிரித்து எடுங்கள், கத்தி சீலைத் தொட்டால் நூல் செய்ய வேண்டியதை நீங்களே செய்ததாகிவிடும். அந்தப் பின் உடைந்தால் ஆணியை வெட்டிச் சொருகும் வைத்தியமும் வேண்டாம். ஆணி துருப்பிடித்துத் தண்டோடு ஒட்டிக்கொண்டால் நான் சம்மட்டி எடுக்க வேண்டியிருக்கும். புது மோட்டார் வாங்கும்போதே பின் இரண்டு, நட்டு ஒன்று, உபரி விசிறி ஒன்று வாங்கிப் படகில் போட்டு வையுங்கள். பாசி வழுக்கிப் போகும்படி பின்னால் சாய்ந்த இதழ் உள்ள விசிறி கிடைத்தால் பழவேற்காட்டுக்கு அது நல்லது.

ஜிபிஎஸ் வெச்சு ஒரே இடத்துல நிக்கிற மோட்டார்?

அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், மாட்டும் ரகம். பொத்தானை அழுத்தினால் காற்றடித்தாலும் அதே இடத்தில் படகை நிறுத்தும், அருமையான சாமான். ஆனால் விலை ஒரு பழைய ஃபைபர் படகு விலைக்கு வந்து நிற்கும். பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழமே ஒரு மீட்டர் அளவுதான். அங்கே ஒரு மூங்கில் கழியை ஊன்றிக் கயிற்றைக் கட்டினால் அதே வேலை நடக்கிறது.

இதை வெச்சுக்கிட்டு முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போலாமா?

கூடாது. அலை உடைகிற இடத்தைத் தாண்ட நொடியில் எழும் வேகம் வேண்டும், இதில் அது கிடையாது. கடலில் வன்னி, தெண்டி என்ற நீரோட்டங்களைப் பார்த்துப் போகிறவர்கள் என்ஜினை நம்பிப் போகிறார்கள், பேட்டரியை நம்பி இல்லை. வடக்கே துறைமுகக் கால்வாய்ப் பக்கமும் வேண்டாம், கப்பலுக்கு வழிவிட்டு ஒதுங்கும் வேகம் இதற்கில்லை.

வடகிழக்குப் பருவமழையில் உள்ளேயும் எச்சரிக்கை வேண்டும். பூண்டி ஏரி நிரம்பி உபரி நீர் திறந்தால் அந்தத் தண்ணீர் கொசஸ்தலையாறு வழியாக எண்ணூருக்குத்தான் வரும். செய்தியில் பூண்டி திறப்பு என்று கேட்ட அன்றும் அடுத்த சில நாட்களும் பேட்டரி மோட்டார் படகு கரையிலேயே இருக்கட்டும். மற்ற நாளிலும் இரண்டு துடுப்பு இல்லாமல் கயிறு அவிழ்க்காதீர்கள். போகும்போது ஓட்டத்தை எதிர்த்துப் போங்கள், பேட்டரி தீர்ந்த பிறகு ஓட்டமே வீட்டுக்குக் கொண்டுவரும்படி.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

டிரம்மில் தண்ணீர் நிரப்பி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தரையில் வைத்து விர்ரென்று சுற்றிக் காட்டுவதை நம்ப வேண்டாம். சுமையில்லாமல் எந்த மோட்டாரும் சுற்றும், தண்ணீரின் குளிர்ச்சி இல்லாமல் சில நொடிக்கு மேல் ஓட்டினால் சீலும் காயும். விசிறியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், ஆட்டம் இருந்தால் பேரிங் போயிருக்கிறது. உருளையின் இரண்டு முனை மூடிகளும் சேரும் கோட்டைப் பாருங்கள். புதிதாக சிலிகான் பூசியிருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள், ஏன் என்று கேளுங்கள். டிசி கிளாம்ப் மீட்டர் வைத்திருக்கும் எலெக்ட்ரீஷியன் நண்பரைக் கூட்டிப் போனால் முழு வேகத்தில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்துவிடலாம். பெயர்ப்பலகையில் இருப்பதைவிட ரொம்ப அதிகமாக இழுத்தால் உள்ளே உரசுகிறது.

பழைய மோட்டாரைக் காயலான் கடையில போட்ரட்டா?

அப்படியே போடாதீர்கள். புதியதும் அதே கம்பெனி என்றால் விசிறி, பின், கவ்வும் பிராக்கெட், கைப்பிடி எல்லாம் உபரிக்கு ஆகும். வேறு கம்பெனி என்றாலும் துருப்பிடிக்காத போல்ட்டுகளைக் கழற்றிக்கொள்ளுங்கள். ஆர்மேச்சரில் உள்ள செம்பைத் தனியாகப் போட்டால் எடைக்கு நல்ல காசு, அலுமினிய ஓட்டோடு சேர்த்துப் போட்டால் எல்லாம் அலுமினியக் கணக்கில் போய்விடும். ஓட்டுக்குள் இருக்கும் காந்தத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், விரலை நசுக்கும். எனக்குக் கொண்டு வந்து கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன், அடுத்தவர் மோட்டாருக்குக் கார்பன் பிரஷ் ஸ்பிரிங் எங்கும் கிடைக்காமல் தேடிக்கொண்டிருப்பேன்.